நிழல் மரத்தை வெட்டினால் கொழுந்து கூடுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஹப்புத்தளைக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் தேயிலை, அதற்குள் நிழலுக்காக நிற்கும் இருபதுக்கு மேற்பட்ட கிரவிலியா மரங்கள். தாவரம் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது என்று மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் மரங்களை வெட்டிவிட்டால் வெயில் தாராளமாக விழும், செடி கூடுதலாகச் சாப்பிடும், கொழுந்தும் கூடும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மாதக்கணக்கில் மூடுபனிக்குள் கிடக்கும் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை பட்டினியால் சாகாமல் இருப்பது எப்படி என்றும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். மேலே தெரிவது மரம் வெட்டுகிற கேள்வி. உள்ளே இருப்பவை வேறு இரண்டு: வெயில்தான் செடியின் உணவா? வெயில் இரண்டு மடங்கானால் உணவும் இரண்டு மடங்காகுமா? இரண்டுக்கும் என் பதில் 'இல்லை'. ஏன் இல்லை என்பது தெரிந்தால் மரத்தை என்ன செய்வது என்பது பாதி தெரிந்த மாதிரி.

நான் பேராதனையில் தாவரவியல் படித்து, ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் 26 வருடங்கள் உயர்தர உயிரியல் கற்பித்தவன். பிறந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார், அதாவது செடி புதிதாகத் துளிர்க்க அதைக் கட்டையாக வெட்டிவிடுவார். இலைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தயங்காமல் சொல்வேன். உங்கள் நிலத்தில் எத்தனை மரம் நிற்கவேண்டும் என்பதை மண்ணையும் சரிவையும் பார்க்காமல் சொல்லமாட்டேன். அதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு கோபிக்காதீர்கள்.

முதலில் உணவு. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மொன்ட் என்ற மருத்துவர் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, ஒரு வில்லோக் கன்றை நட்டு, ஐந்து வருடங்கள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 74 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. மண்ணைக் காயவைத்து நிறுத்தபோது குறைந்திருந்தது 60 கிராம் அளவுதான். மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். மண்ணைச் சாப்பிட்டு மரம் வளர்வதில்லை என்று காட்டியவரைக்கும் அவர் சொன்னது சரி. ஆனால் மரத்தைச் சுற்றி இருந்த காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் இறந்தபின் 1648இல் இது அச்சில் வந்தது. இதை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லி, "அப்படியென்றால் அந்த 74 கிலோ எங்கிருந்து வந்தது?" என்று கேட்பேன். சரியாகச் சொன்ன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். "வெயிலில் இருந்து, சேர்" என்பதுதான் வழக்கமான பதில். வெயிலுக்கு நிறை கிடையாது. வெயிலை மூட்டையில் கட்ட முடியாது.

உங்கள் வீட்டுத் தேயிலைத்தூளில் ஒரு கிலோவை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்தால்தான் அந்த ஒரு கிலோ. போனது பெரும்பாலும் தண்ணீர். மிஞ்சிய தூளில் பாதிக்குச் சற்றுக் குறைவு கரி, அதாவது காபன். அந்தக் காபன் அத்தனையும் காற்றிலிருந்து வந்தது. காற்றில் காபனீரொட்சைட்டு இருப்பதோ நூற்றுக்கு 0.04 பங்குதான். பத்தாயிரம் படி காற்றை அளந்தால் நாலு படி தேறும். அதைத்தான் இலை சளைக்காமல் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. முற்றிய தேயிலை இலை ஒன்றைப் பிடுங்கித் திருப்பிப் பாருங்கள். மேற்பக்கம் மெழுகு பூசிய மாதிரிப் பளபளக்கும். அடிப்பக்கம் மங்கல். கண்ணுக்குத் தெரியாத இலைவாய்கள் எல்லாம் அந்த மங்கலான பக்கத்தில்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதடுகள். அவை திறந்தால் காபனீரொட்சைட்டு உள்ளே போகும், அதே வாயால் நீராவி வெளியே போகும். ஒன்றை எடுத்தால் மற்றதை இழந்தே ஆகவேண்டும். உங்கள் நிழல் மரத்தின் கதை பாதி இந்த உதடுகளில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, வெயில் எதற்கு? வேலைக்கான வலு அதில்தான் இருக்கிறது. இலையின் கலத்துக்குள் இருக்கும் பச்சையவுருமணிகளில் பச்சையம் ஒளியைப் பிடிக்கிறது. பிடித்த வலுவால் தண்ணீர் உடைகிறது. உடைந்த தண்ணீரின் ஒட்சிசன் வெளியே போகிறது, அதைத்தான் நாம் மூச்சில் இழுக்கிறோம். ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்துதான் பிரிகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1941இல் அமெரிக்காவில் ரூபன், கேமன் ஆகியோர் பாரம் கூடிய ஒட்சிசனைத் தண்ணீருக்குள் அடையாளமாக வைத்துப் பார்த்தபோது, வெளியே வந்த வாயுவில் அந்த அடையாளம் இருந்தது. தண்ணீரிலிருந்து பறித்த இலத்திரன்களும் ஒளியின் வலுவும் இரண்டு சிறு மூலக்கூறுகளில் சேமிக்கப்பட்டு, பக்கத்தில் நடக்கும் அடுத்த வேலைக்குப் போகின்றன. அங்கே ரூபிஸ்கோ என்ற நொதியம் காபனீரொட்சைட்டை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கோக்கிறது. அந்தக் கோவையிலிருந்துதான் வெல்லம், மாப்பொருள், மரத்தின் நார், தேநீரின் துவர்ப்பு எல்லாம். இந்த வட்டத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் கல்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய பாடநூல்கள் இதை 'இருட்டாக்கம்' என்று எழுதின. எனக்குப் பிடிக்காத சொல். இரவில் நடப்பது என்று பிள்ளைகள் எழுதிவைத்துப் புள்ளியை இழந்தார்கள். விளக்கை அணைத்தால் சற்று நேரத்தில் இந்த வேலையும் நின்றுவிடும்.

"அப்போது உரம்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். உரமும் உணவு இல்லை, ஆனால் அது இல்லாமல் அடுப்பே கட்ட முடியாது. தேயிலைத்தூளில் நூற்றுக்கு நாலு பங்கு அளவு நைதரசன். பறித்துக் கொண்டுபோகும் ஒவ்வொரு கூடையோடும் அது நிலத்தை விட்டுப் போகிறது. பச்சையத்துக்கும் நைதரசன் வேண்டும், ரூபிஸ்கோவுக்கு இன்னும் அதிகமாக வேண்டும். தேயிலை போன்ற செடிகளில் இலையின் நைதரசனில் ஏறத்தாழக் கால்வாசி அந்த ஒரு நொதியத்துக்குள்தான் கிடக்கிறது. இலங்கையில் 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து அதே வருடத்தின் கடைசியில் தடையை நீக்கினார்களே, அதன் பிறகு மலைகள் மஞ்சள் பாய்ந்து நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வருடம் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடு முதலிய வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனால் வெயில் குறைந்து அது இறங்கவில்லை. வெயில் அப்படியேதான் இருந்தது, அதைப் பிடித்து வேலை வாங்க இலையில் ஆள் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி, கூடுதல் வெயில். கொழுந்து பொங்கிவரும் மாதங்களில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறீர்களா? ஐந்து லொறி கொழுந்து வந்து இறங்கும். வாடல் தட்டுகள் நிறைந்துவிடும். கீழே உருட்டும் இயந்திரங்களுக்கு இரண்டு லொறிக்குத்தான் வலு. ஆறாவது லொறி வந்தால் தூள் கூடாது, தட்டில் கிடக்கும் இலைதான் வெந்து சிவக்கும். இலைக்குள்ளும் இதே நிலைமை. பச்சையம் ஒளியைப் பிடிப்பது மின்னல் வேகம். ரூபிஸ்கோவோ ஒரு வினாடிக்கு மூன்று நான்கு காபனீரொட்சைட்டைத் தொட்டால் பெரிது. ஒளி குறைவாக இருக்கும்வரை வெயில் கூடக்கூட உணவும் கூடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கோடு தட்டையாகிவிடும். தனித் தேயிலை இலைக்கு அந்தக் கட்டம் முழு உச்சி வெயிலின் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதிக்குள் வந்துவிடுகிறது. செடியின் இனத்தையும் அது எங்கே வளர்ந்தது என்பதையும் பொறுத்து இது ஏறி இறங்கும். அதற்கு மேல் விழும் ஒளி இலைக்கு வருமானமில்லை, தலைவலி. அதை வெப்பமாக மாற்றிக் கொட்டுவதற்கென்றே மஞ்சள் நிறப்பொருள்களை இலை வைத்திருக்கிறது.

இங்கேயே மூடுபனிக்கும் பதில் இருக்கிறது. வெளிச்சத்தை அளப்பதில் நம் கண் மகா பொய்யன். நல்ல வெயிலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ். கனத்த மேகம் மூடிய பகலில் பத்தாயிரம். இரவில் மின்குமிழ் எரியும் வீட்டு அறையில் இருநூறு தேறினால் நல்லது. நமக்கு அறையும் வெளிச்சமாகத்தான் தெரிகிறது, மூடுபனி இருட்டாகத் தெரிகிறது. மெல்லிய பனி படர்ந்த பகலில் இலைக்குத் தேவையான ஒளி ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஆனி, ஆடியில் மஸ்கெலியாப் பக்கம் மழையும் பனியுமாக இருட்டிக் கிடக்கும் நாட்களில் இலை அரைப்பசியோடுதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மூடுபனிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதற்குள் நடந்துபோகும்போது உங்கள் நிழல் தரையில் விழாது. ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது என்று அர்த்தம். வெயில் நாளில் மேல்மட்டத்து இலைகள் திகட்டத் திகட்டக் குடிக்க, கீழ் இலைகள் இருட்டில் கிடக்கும். பனி நாளில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா இலைக்கும் பங்கு கிடைக்கும். குளிரில் செலவும் குறைவு. செடியும் இரவு பகல் சுவாசிக்கிறது, பகலில் சேர்த்ததில் ஒரு பங்கை அதில் எரிக்கிறது. இரவு குளிர்ந்தால் எரிப்பது குறையும். நுவரெலியா உருளைக்கிழங்கு பருத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம், குளிர்ந்த இரவில்தான் அந்தச் செடி நன்றாகக் கிழங்கு கட்டும் என்பது இன்னொரு காரணம்.

உங்கள் பக்கத்துக்கு வருவோம். ஊவாவில் ஆடி, ஆவணியில் அடிக்கும் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மலையைத் தாண்டி இறங்கும் அந்தக் காற்றில் ஈரம் இருக்காது. உச்சிப்பொழுதில் நேர் வெயிலில் இருக்கும் இலை, சுற்றியுள்ள காற்றைவிடப் பல பாகை சூடாகிவிடும். தேயிலை இலையின் சூடு 35 பாகை செல்சியசைத் தாண்டியதும் உணவு ஆக்கம் சரியத் தொடங்கும். காய்ந்த காற்று பட்டதும், நான் சொன்ன அந்த இரண்டு உதடுகளும் தண்ணீரைக் காப்பாற்ற மூடிக்கொள்ளும். வாய் மூடினால் காபனீரொட்சைட்டும் இல்லை. உலகத்து வெயில் எல்லாம் தலையில் கொட்டுகிறது, உள்ளே சமைக்கச் சாமான் இல்லை. இன்னொரு கோளாறும் உண்டு. சூடு ஏறினால் ரூபிஸ்கோ காபனீரொட்சைட்டுக்குப் பதிலாக ஒட்சிசனைப் பிடித்துவிடும் தவறு கூடும். பிடித்ததைத் திருத்துவதற்குச் சேர்த்த காபனில் ஒரு பங்கு வீணாகும். சோளம், கரும்பு, உங்கள் வரம்பில் வளரும் மானாப்புல் ஆகியவை இந்தத் தவறுக்குத் தனி ஏற்பாடு செய்துகொண்டவை. காபனீரொட்சைட்டை முதலில் வேறொரு நொதியத்தால் பிடித்துச் செறிவாக்கி, பிறகே ரூபிஸ்கோவிடம் கொடுக்கும். அதனால்தான் கொளுத்தும் வெயிலில் மானாப்புல் சிரித்துக்கொண்டு நிற்க, பக்கத்துத் தேயிலை முகம் சுருங்கி நிற்கிறது. தேயிலை அடிப்படையில் காட்டு மரங்களுக்குக் கீழே வளர்ந்த இனம். மட்டமாக வெட்டி மேசை போல ஆக்கியது நாம்.

அப்படியானால் நிழல் எல்லா இடத்துக்கும் நல்லதா? அதுவும் இல்லை, இந்த நாட்டிலேயே அதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. இளம் இலையில் எண்ணெய்ப் பொட்டு மாதிரித் தோன்றி, அடிப்பக்கம் வெள்ளையாகக் கொப்புளிக்கும் பூஞ்சண நோய். ஈரமும் நிழலும் அதற்கு விருந்து. வெயில் பட்டால் அதன் வித்திகள் சாகும். அதன் பிறகு மேற்குச் சரிவின் உயர்ந்த மலைகளில் நிழல் மரங்களைப் பெருமளவு குறைத்தார்கள். ஏற்கனவே மேகம் நிழல் தருகிற இடத்தில் மரமும் எதற்கு என்பது நியாயமான வாதம். குளிர்ந்த உயர்மலையில், உரம் தாராளமாகப் போட்டால், நிழல் இல்லாத தேயிலை கூடுதலாகத் தருவதும் உண்டு. ஆனால் அந்தக் கூடுதலுக்கு விலையாக உரம் கேட்கும், வரட்சியில் ஆட்டம் காணும். மரமும் சும்மா நிற்பதில்லை. தண்ணீரில் பங்கு கேட்கும். தோட்டங்களில் டடாப் என்று சொல்லும் முருக்கும் அல்பீசியாவும் வேர்முடிச்சுகளால் நைதரசன் சேர்த்துத் தரும். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த உங்கள் கிரவிலியா அதைச் செய்யாது. இலை உதிர்க்கும், காற்றைத் தடுக்கும், வளர்ந்தால் பலகைக்கு ஆகும், அவ்வளவுதான்.

ஆகவே, நிலத்தைப் பார்க்காமல் சொல்லக்கூடியது இவ்வளவு: ஹப்புத்தளைக்குக் கீழே, காற்றும் வரட்சியும் அடிக்கும் சரிவில், எல்லா மரத்தையும் ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். தடுப்பு மரம் இல்லாமல் முதல் வரட்சியைச் சந்திக்கும் தேயிலை, முக்கியமாகத் தண்டு நட்டு வளர்த்த வி.பி. தேயிலை, வேர் ஆழம் குறைவு என்பதால் கருகும். பழைய விதைத் தேயிலை கொஞ்சம் தாங்கும். அடர்ந்த இடத்தில் கிளை கழித்துவிடுங்கள். தரையில் வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக அசையவேண்டும், அது ஒரு நல்ல அளவுகோல். மழைக்காலம் தொடங்குமுன் கழித்தால் கொப்புள நோய்க்கும் இடம் குறையும். எத்தனை அடிக்கு ஒரு மரம் என்பதை உங்கள் பகுதியின் தேயிலை விரிவாக்க உத்தியோகத்தர் நிலத்தில் நின்று சொல்லவேண்டும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை உயரத்துக்கு உயரம் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. நிழலைப் பற்றித் தாழ்நிலத்து இரத்தினபுரியில் சரியான பதில் உயர்மலை நானுஓயாவில் தவறான பதில்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் கொழுந்து குறைவதற்கு மரத்தைவிட இதுதான் பல இடங்களில் காரணம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்வதில்லை. அது கைக்குழந்தை. கீழே இருக்கும் முற்றிய, கரும்பச்சை இலைகள்தான் சமைத்து மேலே அனுப்புகின்றன. முத்தல் இலையைக் கிள்ளாதே என்று கங்காணி சத்தம் போட்டதைத் தூளின் தரத்துக்காக என்று அம்மா நினைத்திருந்தார். செடியின் அடுப்பை அணைக்காதே என்பதும் அதில் இருந்தது. நிறை கூடும் என்று ஆழப் பறித்தால் அடுத்த சுற்றில் கொழுந்து மெலியும்.

மிச்சச் சாப்பாடு வேருக்குப் போய் மாப்பொருளாகச் சேர்கிறது. கவ்வாத்து வெட்டியபின் இலையே இல்லாத கட்டை மறுபடி துளிர்ப்பது அந்தச் சேமிப்பில்தான். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா கத்தியைச் சாணை பிடித்து வைத்திருந்தார். வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் ஒரு சின்னப் போத்தலோடு வந்து, செடியடியில் மண்ணைக் கிளறி, பென்சில் தடிப்பு வேர் ஒன்றை வெட்டி எடுத்தார். கழுவி, குறுக்காகச் சீவி, வெள்ளையான வெட்டுமுகத்தில் பழுப்பு நிற அயடீன் துளி ஒன்றை விட்டார். நாங்கள் சிறுவர்கள் குந்தியிருந்து பார்த்தோம். பழுப்பு பழுப்பாகவே இருந்தது. "மாவு இல்லை, சில கிழமை கொழுந்து பறிக்காமல் விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் ஏதோ அவசரம், மேலிடத்தில் கேட்கவில்லை, வெட்டச் சொன்னார்கள். அப்பா வெட்டினார். அடுத்த தைக்குள் அந்த மலையில் செத்த கட்டைகளை வேரோடு பிடுங்கி விறகுக்குக் கொண்டுவந்தோம். இன்னொரு தோட்டத்தில் ஓரக் கிளை ஒன்றிரண்டை இலையோடு விட்டு வெட்டுவதைப் பிறகு பார்த்தேன். அந்தக் கிளையை 'லங்' என்பார்கள், நுரையீரல் என்று பொருள். யார் வைத்த பெயரோ, எனக்கு அது புதிய அடுப்பு மூளும்வரை விட்டுவைத்த பழைய அடுப்பாகத்தான் தெரிகிறது.

உங்கள் தேயிலை கடைசியாகக் கவ்வாத்து வெட்டி நாலு வருடம் கடந்திருந்தால், மரத்தைத் தொடுவதற்கு முன் இந்த வேர்ச் சோதனையைச் செய்து பாருங்கள். காயத்துக்குப் போடும் பொவிடோன் அயடீன் மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்தால் போதும். நிலத்தின் வெவ்வேறு மூலைகளில் பத்துச் செடியிலாவது பாருங்கள். நீலம் கறுத்த நிறம் வந்தால் சேமிப்பு இருக்கிறது. நிழலுக்குள் நிற்கும் செடிகளையும் வெளியில் நிற்கும் செடிகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், துளி விடுவது அவளாக இருக்கட்டும்.